பச்சைக்கொடி வாக்குச்சீட்டு அல்ல

பிட்காயின் போன்ற மறையீட்டு நாணயங்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும் விளக்கக் கட்டுரைகளில் ஒரு கருத்து ஏறக்குறைய மாறாமல் இடம்பெறுகிறது. வலையமைப்பின் விதியில் மாற்றம் வேண்டுமென்றால் மைனர்கள் அதற்கு வாக்களிக்கிறார்களாம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாக்கு கிடைத்தால் மாற்றம் நிறைவேறுமாம். ஆகவே இது கணினி யுகத்தின் ஜனநாயகமாம். இந்த மூன்று கூற்றுகளில் முதலாவது பிழை, இரண்டாவது அரைகுறை, மூன்றாவது முதலிரண்டின் மீது கட்டப்பட்ட மணல்வீடு. இலக்கியம் பேசும் இடத்தில் இது எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். ஒரு சொல்லைத் தவறாக மொழிபெயர்த்தால் ஓர் அரசியலே தவறாக விளங்கிக்கொள்ளப்படும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் அண்மையில் என் கண்ணில் படவில்லை. தவிரவும், அந்தக் கணினி விவகாரத்தின் அச்சு அசலான முன்கதை நம் எழுத்துகளின் வரலாற்றிலேயே இருக்கிறது.

சொற்களை முதலில் நேர்செய்துகொள்வோம். 'மைனர்' என்றால் நமக்குப் பட்டு ஜிப்பாவும் வில்வண்டியும்தான் நினைவுக்கு வரும். ஆகவே இங்கே 'அகழ்வோர்' என்கிறேன். பிட்காயினின் பேரேடு ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒரு தொகுதி வீதம் வளர்கிறது. அந்தத் தொகுதியைக் கட்டிச் சேர்ப்பவர்களே அகழ்வோர். 'தொகுதி' என்றதும் சட்டமன்றம் நினைவில் எழுவதும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு தொகுதியின் தலைப்பிலும் பதிப்பு எண்ணுக்கென்று 32 பிட் இடம் உண்டு. 2015இல் முன்மொழியப்பட்ட பிஐபி 9 என்னும் ஏற்பாடு அதில் 29 பிட்டுகளைச் சமிக்ஞைக்கென ஒதுக்கியது. ஒரு புதிய விதிக்கு ஒரு பிட். அதை 1 ஆக வைத்தால் 'புதிய விதிக்கு நான் தயார்' என்று பொருள். 2016 தொகுதிகள், அதாவது ஏறத்தாழ இரண்டு வாரம், ஒரு கணக்குக் காலம். அதில் 1916 தொகுதிகள் அந்தக் குறியைத் தாங்கி வந்தால் விதி உறுதியாகும். அடுத்த இரண்டு வாரம் அவகாசம். பிறகு அது நடைமுறை.

கவனிக்க வேண்டியது 'தயார்' என்ற சொல். 'விரும்புகிறேன்' அல்ல, 'அனுமதிக்கிறேன்' அல்ல, 'தயார்'. மதுரைச் சந்திப்பில் வண்டியின் கடைசிப் பெட்டியில் நின்றுகொண்டு கார்டு பச்சைக்கொடி காட்டுகிறார். என் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, புறப்படலாம் என்பதே அதன் பொருள். வண்டி திருநெல்வேலிக்குப் போகவேண்டுமா, திருச்சிக்குப் போகவேண்டுமா என்பதில் அது அவர் அளித்த வாக்கு ஆகாது. கார்டு கொடி காட்டாவிட்டால் வண்டி தாமதமாகும், வழி மாறாது. அகழ்வோரின் சமிக்ஞையும் இத்தகையதே. விதியை ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் கையில் இல்லை. அது முழுக்கணுக்களின் கையில் இருக்கிறது. பேரேட்டின் ஒவ்வொரு வரியையும் தானே சரிபார்த்து, விதிக்கு ஒவ்வாத தொகுதியை யார் கட்டியிருந்தாலும் தள்ளிவிடும் கணினிகள் அவை.

எங்கள் கே.கே. நகரை ஒட்டிக் கிடக்கும் வண்டியூர்க் கண்மாயைப் போல இந்தச் சமவெளியில் எத்தனையோ கண்மாய்கள். கண்மாயில் எவ்வளவு நீர் நிற்கலாம் என்பதைக் கலுங்கின் உயரம் தீர்மானிக்கிறது. அதற்கு மேல் ஒரு சாண் நீர் நிற்கவேண்டுமென்று ஊர்ப் பெரியவர் எத்தனை முறை உரக்கச் சொன்னாலும் நீர் வழிந்து போய்விடும். முழுக்கணு என்பது கலுங்குக் கல். அகழ்வோர் மழை. மழை இல்லாமல் கண்மாய் இல்லைதான். ஆனால் மழை கலுங்கின் உயரத்தை நிர்ணயிப்பதில்லை.

உவமை போதும், நடந்ததைப் பார்ப்போம். 2015 ஜூலை 4. கையொப்ப வடிவத்தைக் கறாராக்கும் பிஐபி 66 என்ற மாற்றம். அக்காலத்து ஏற்பாட்டின்படி கடைசி 1000 தொகுதிகளில் 950 புதிய பதிப்பு எண்ணைத் தாங்கி வந்துவிட்டன. விதி அமலுக்கு வந்தது. சற்று நேரத்தில் மென்பொருளைப் புதுப்பிக்காத ஓர் அகழ்வோர் பழைய முறையில் ஒரு தொகுதியைக் கட்டினார். அது செல்லாது. செல்லாத அந்தத் தொகுதியின் மேல் அடுத்த தொகுதிகளை அடுக்கியவர்கள் யார்? 'தயார்' என்று குறி வைத்திருந்த பெரிய குழுக்களே. நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காக அவர்கள் முந்தைய தொகுதியைச் சரிபார்க்காமலேயே அடுத்ததைக் கட்டும் வழக்கம் வைத்திருந்தார்கள். ஆறு தொகுதிகள் அப்படியே எழும்பி அப்படியே செல்லாதவையாயின. தொகுதிக்கு 25 நாணயம் என்ற அன்றைய கணக்கில் 150 நாணயம் காற்றோடு போயிற்று. கொடி காட்டியவர்கள் வண்டிக்குச் சக்கரம் இருக்கிறதா என்று பார்த்திருக்கவில்லை. சரிபார்த்துக்கொண்டிருந்த கணுக்களோ அந்த ஆறையும் ஒரு நொடியும் ஏற்கவில்லை. 950 என்ற எண்ணிக்கையை ஜனநாயகத்தின் தீர்ப்பாக வாசிப்பவர்கள் இந்த ஒரு நாளை விளக்கிவிட்டு மேலே பேசட்டும்.

இதைவிடக் கூரான பாடம் 2017இல் கிடைத்தது. செக்விட் என்ற மாற்றத்துக்கான சமிக்ஞை 2016 நவம்பரில் தொடங்கியது. மாதங்கள் கழிந்தன. 95 விழுக்காட்டின் அருகில்கூட அது வரவில்லை. நூற்றுக்கு ஐந்துக்கு மேல் பலம் உள்ளவர் எவராயினும் மௌனமாக இருந்தே மாற்றத்தைக் கிடப்பில் போட முடியும் என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது. 2017 மே மாதம் நியூயார்க்கில் 58 நிறுவனங்கள் கூடி ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அகழ்வுத் திறனில் 83 விழுக்காடு தம் பக்கம் என்று அறிவித்தன. உடன்பாட்டின் முதற்பாதி, செக்விட் வரும். இரண்டாம் பாதி, ஆறு மாதத்துக்குள் தொகுதியின் அளவு இரட்டிப்பாகும். மறுபுறம், பயனர்களில் ஒரு பிரிவினர் பிஐபி 148 என்ற ஏற்பாட்டைக் கையில் எடுத்தார்கள். ஆகஸ்ட் 1 முதல், செக்விட்டுக்குக் குறி காட்டாத எந்தத் தொகுதியையும் எங்கள் கணு ஏற்காது என்பது அதன் சாரம். இவர்களிடம் அகழ்வுத் திறன் என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை. இருந்தது, மறுக்கும் உரிமை ஒன்றுதான்.

விளைவு உலகறிந்தது. ஜூலை இறுதிக்குள் அகழ்வோரின் சமிக்ஞை தேவையான அளவைத் தாண்டியது. ஆகஸ்ட் 24 அன்று செக்விட் நடைமுறைக்கு வந்தது. ஆகஸ்ட் 1 அன்று இணங்காதோர் பிரிந்து பிட்காயின் கேஷ் என்று தனிக்குடித்தனம் போயினர். இந்த முடிச்சை அவிழ்த்தது நியூயார்க் உடன்பாடா, பயனர்களின் மிரட்டலா என்பதில் இன்றும் வழக்கு உண்டு. இரண்டுக்கும் பங்குண்டு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் உடன்பாட்டின் இரண்டாம் பாதியில் வழக்கே இல்லை. அத்தனை நிறுவனங்களின் கையெழுத்தும் அத்தனை விழுக்காடு திறனும் இருந்தும், நவம்பர் 8 அன்று அதை முன்னெடுத்தவர்களே கைவிட்டார்கள். போதிய ஒருமித்த ஆதரவு இல்லை என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். வாக்கு என்றால் அது பெருவெற்றி பெற்ற வாக்கு. வெற்றி பெற்ற வாக்கு ஏன் அமலாகவில்லை? அது வாக்கே அல்ல என்பதால்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

1935இல் பெரியார் தம் 'குடிஅரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தினார். ணா, றா, னா மூன்றும், அவற்றின் ஒகர ஓகார வரிசைகள் ஆறும், ணை, லை, ளை, னை நான்கும் அன்று தனி வடிவங்களில் எழுதப்பட்டன. அச்சுக்கோப்பவருக்கு அத்தனை அச்சுகள் கூடுதல். படிக்கும் குழந்தைக்கு அத்தனை விதிவிலக்குகள் கூடுதல். பெரியார் அவற்றைப் பிற எழுத்துகளைப் போலவே காலும் கொம்பும் இட்டு அச்சிட்டார். அவர் எவரிடமும் அனுமதி கோரிக் காத்திருக்கவில்லை. 95 விழுக்காட்டுக்கும் காத்திருக்கவில்லை. தம் அச்சகத்தில் தம் விதியை ஓடவிட்டார். 'விடுதலை'யும் அவ்வழியே வந்தது. 43 ஆண்டுகளுக்குப் பின், 1978 அக்டோபரில், அவருடைய நூற்றாண்டை ஒட்டி எம்.ஜி.ஆர். அரசு ஆணை பிறப்பித்து அந்தப் பதின்மூன்று எழுத்துகளின் புதிய வடிவத்தை ஏற்றது. இந்தப் பக்கத்தில் நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் 'னை'யும் 'லை'யும் அந்த ஆணையின் குழந்தைகள். அதைவிட, அந்த 43 ஆண்டுகளின் குழந்தைகள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கணினியாளர்கள் மாற்றங்களை இரண்டாகப் பிரிக்கிறார்கள். பழைய மென்பொருளும் ஏற்றுக்கொள்ளக்கூடிய மாற்றம் மென்பிளவு. பழையது முற்றிலும் மறுக்கும் மாற்றம் வன்பிளவு. பெரியாரின் பதின்மூன்று எழுத்துகள் மென்பிளவுக்குப் பாடநூல் உதாரணம். பழைய எழுத்து மட்டுமே கற்ற முதியவரும் 'னா'வைத் தடையின்றிப் படித்தார். அவருக்கு ன தெரியும், காலும் தெரியும். புதிய எழுத்தில் வளர்ந்தவருக்குத்தான் பழைய நூல் தடுமாற்றம் தரும். இதற்கு மாறாக, இகர ஈகார உகர ஊகார வரிசைகளை எல்லாம் மாற்றவேண்டும் என்று வா.செ. குழந்தைசாமி பல்லாண்டுகள் வாதிட்டார். அறிஞர், துணைவேந்தராக இருந்தவர், மேடையும் செல்வாக்கும் உள்ளவர். அவர் தரப்புக்குத் தர்க்கமும் இருந்தது. ஆனால் அது வன்பிளவு. 'கு'வையும் 'மு'வையும் அறிந்த கோடிக் கண்கள் புதிய குறியீட்டின் முன் எழுத்தறியாதவையாகிவிடும். அது கடும் எதிர்ப்பைச் சந்தித்தது, ஏற்கப்படவில்லை. பெரியாரின் திட்டத்திலேயே ஐகாரத்தை 'அய்' என்றும் ஔகாரத்தை 'அவ்' என்றும் எழுதும் பகுதியை அரசாணை எடுத்துக்கொள்ளவில்லை. அது இன்றும் ஒரு வட்டத்தின் வழக்காகவே தொடர்கிறது. விதியின் எந்தப் பகுதி செல்லும் என்பதை மேடை முடிவு செய்யவில்லை, புழக்கம் முடிவு செய்தது.

'அரசாணை வந்த பிறகுதானே எல்லோரும் மாறினார்கள்? 43 ஆண்டு அது ஒரு கட்சியின் எழுத்தாகத்தானே கிடந்தது?' என்று ஒரு மறுப்பு எழும். நியாயமான மறுப்பு. எல்லோரும் ஒரே நாளில் மாறவேண்டிய விஷயத்தில் நாள் குறிக்க ஒருவர் தேவை. பாடநூலை அச்சிடும் அரசுக்கு அந்த வலிமை உண்டு. பிட்காயினின் 95 விழுக்காடும் அந்த நாள் குறிக்கும் வேலையைத்தான் செய்கிறது. அதை நான் மறுக்கவில்லை. நான் மறுப்பது, நாள் குறித்த ஜோசியரையே மாப்பிள்ளை என்று சொல்வதை.

ஆணையே போதும் என்றால், ஆணைகள் ஏன் தோற்றன? 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு கூடியது. டாம், டாப் என்ற இரு எழுத்துக் குறியாக்கங்கள் முன்வைக்கப்பட்டன. அவ்வாண்டே அரசும் அவற்றை ஏற்றது. உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சல் குழுவில் விவாதித்து உருவாக்கிய டிஸ்கி ஒருபுறம். ஈழத்தவர் பரவலாகப் பயன்படுத்திய பாமினி இன்னொரு புறம். ஒவ்வோர் இதழின் தளமும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. ஒரு தளத்தில் கவிதையாக இருந்தது இன்னொரு கணினியில் கட்டமும் கேள்விக்குறியுமாகத் தெரிந்த காலம் அது. அக்காலத்து வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டாமும் டாப்பும் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் ஓரளவு புழங்கின. இணையத்தை வென்றதோ யூனிகோடு. அதன் தமிழ்ப் பகுதி இலக்கணப்படி அமையவில்லை என்று குறை சொல்லாத தமிழறிஞர் அரிது. அந்தக் குறையில் உண்மையும் உண்டு. ஆயினும் விண்டோஸ் 2000 முதல் இயங்குதளத்திலேயே அது வந்தது. 2003, 2004 வாக்கில் வலைப்பதிவு தொடங்கியவர்கள் அதில் எழுதித் தள்ளினார்கள். தேடினால் கிடைத்தது; வெட்டி ஒட்டினால் உடையவில்லை. 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி அரசு யூனிகோடையும், அதோடு டேஸ் 16 என்ற குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. யூனிகோடு அதற்கு முன்பே வென்றிருந்தது. தொழில்நுட்பத் தூய்மையில் மேலானது என்று பலர் சான்றளித்த டேஸ் 16, ஆணை இருந்தும், இணையப் பொதுவெளியில் இடம்பிடிக்கவில்லை. ஆதரவு தெரிவித்தோர் பலர். அதில் நாள்தோறும் எழுதியோர் சிலர்.

1978இல் ஆணை வென்றது, அதன் பின்னால் 43 ஆண்டு ஓடிய அச்சு இருந்ததால். 2010இல் ஆணையின் பாதி தோற்றது, அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது வேறொன்று என்பதால். இவ்வளவுதான் என் வாதம்.

'அப்படியானால் பயனர்களே மன்னர்கள் என்கிறீர்களா?' என்று கேட்கலாம். அதிலும் எச்சரிக்கை தேவை. முழுக்கணுவுக்கு வலிமை உண்டு என்பதால் நாணயம் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் வலிமை உண்டு என்று ஆகிவிடாது. நாணயத்தைப் பரிவர்த்தனை நிறுவனத்தின் கணக்கில் போட்டுவிட்டுக் கைபேசியில் விலையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இதில் குரலே இல்லை. அவர் சார்பாக எந்த விதியை ஏற்பது என்பதை அந்த நிறுவனத்தின் கணு முடிவு செய்யும். மதுரையிலும் திருப்பூரிலும் இந்த நாணயத்தில் பணம் போட்டுள்ள நம் இளைஞர்களிடம் 'வாக்களிக்கிறார்கள்' என்ற சொல் செய்யும் தீங்கு இதுதான். எங்கோ ஒரு தேர்தல் நடக்கிறது, பெரும்பான்மை பார்த்துக்கொள்ளும் என்று அவர்களை அது தூங்கவைக்கிறது. தேர்தலும் இல்லை, வாக்காளர் பட்டியலும் இல்லை. தன் கையால் சரிபார்ப்பவர், சரிபார்ப்பதை நம்பிக் கொடுக்கல் வாங்கல் செய்பவர், இவர்களே இருக்கிறார்கள். யாரையும் அந்த நாணயத்தை வாங்கச் சொல்வது என் நோக்கமன்று. 2022 முதல் அதன் ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி, விலையோ பேயாட்டம். வாங்குகிறவர், தான் என்னவாக இருக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்கட்டும்.

சொற்குழப்பம் நமக்குப் புதிதன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளின் குடவோலையை 'அந்நாளைய வாக்குச்சீட்டு' என்று எழுதிப் பெருமை கொள்ளாத மலர் உண்டா? முதலாம் பராந்தகன் காலத்து அந்த ஏற்பாட்டில், தகுதி உடையோரின் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அது திருவுளச்சீட்டு, எண்ணிக்கை பார்க்கும் வாக்கு அல்ல. நிலமும் கல்வியும் வயதும் தகுதியாக வைக்கப்பட்ட குலுக்கல். அதைத் தேர்தல் என்று அழைத்ததால், ஊழலைத் தடுக்க ஒரு சபை அதிர்ஷ்டத்தை எப்படிக் கருவியாக்கியது என்ற அதன் அசலான புத்திசாலித்தனத்தையே நாம் காணத் தவறினோம். சமிக்ஞையை வாக்கு என்று அழைப்பவர்களும் இதே போல், மறுப்பவனின் கையில் விதியைக் கொடுத்திருக்கும் விசித்திரமான ஏற்பாட்டைக் காணத் தவறுகிறார்கள்.

கே.கே. நகரில் நான் குடியிருக்கும் தெருவில் ஒருமுறை குடியிருப்போர் கூட்டம் நடந்தது. மக்கும் குப்பை, மக்காத குப்பை இரண்டையும் பிரித்துக் கொடுப்பது என்று தீர்மானம். ஒரு கைகூடக் கீழே இல்லை. மறுநாள் காலை வண்டி வந்தபோது பெரும்பாலான வீட்டு வாசலில் ஒரே வாளி. வெண்டைக்காய்க் காம்போடு பால் பாக்கெட்டு. ஒரு வாரம் கழித்து, வண்டியோடு வந்த அம்மா பிரிக்காத வாளியை வாங்க மாட்டேன் என்று திருப்பி வைத்துவிட்டுப் போனார். இரண்டே நாளில் தெரு முழுவதும் இரண்டு வாளிகள். தூக்கிய கைகள் சமிக்ஞை. திருப்பி வைத்த அந்தக் கை முழுக்கணு. கூட்டத்துக்கு அவரை அழைத்திருக்கவே இல்லை என்பதையும் குறிப்பிட்டுவிடுகிறேன்.

இலக்கிய நண்பர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். சிற்றிதழ் உலகில் நாம் சமிக்ஞைக்குக் குறைவைத்ததே இல்லை. கண்டன அறிக்கை, ஆதரவு அறிக்கை, கூட்டறிக்கை என்று பெயர்ப் பட்டியல்கள் நீளும். மாற்றிதழ் வாழவேண்டும் என்று கையெழுத்திட்டவர்களின் சந்தா எப்போது முடிந்தது என்பதை அந்த இதழின் ஆசிரியரைத் தனியே கேட்டால் சொல்வார். அறிக்கைகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாள் குறிக்க அவையும் தேவைப்படலாம். டாப்ரூட் என்ற அடுத்த மாற்றத்துக்கு 2021இல் 90 விழுக்காடே போதும் என்று வைத்து, ஜூனில் சமிக்ஞை முடிந்து, நவம்பர் 14இல் பிரச்சினையின்றி நடைமுறைக்கு வந்ததே, அதைப் போல. அங்கே கொடி காட்டுவதற்கு முன்பே விவாதம் முடிந்திருந்தது. பயனர்கள் ஏற்கெனவே இணங்கியிருந்தார்கள். கொடி தன் வேலையை மட்டும் செய்தது.

ஆகவே, எழுதுகிறவர்களிடம் என் கோரிக்கை எளியது. 'வாக்களிக்கிறார்கள்' என்று எழுதுவதை நிறுத்துங்கள். 'தயார் என்று குறி காட்டுகிறார்கள்' என்று எழுதுங்கள். மூன்று சொல் கூடும், பரவாயில்லை. வாசிக்கிறவர்களிடமும் ஒன்று. எத்தனை பேர் ஆதரிக்கிறார்கள் என்று எவரேனும் எண்ணிக்கை நீட்டினால், அது நாணயமோ மொழியோ தெருக்குப்பையோ, ஒன்றை மட்டும் கேளுங்கள்: மறுநாள் காலையில் வாளியைத் திருப்பி வைக்கப்போவது யார்?